இறக்கைக்கு இஸ்திரி போட்டவள் சொல்வது

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும்,

போன வாரம் நான் அங்கே வந்தபோது உங்களில் ஒரு பெண் நோட்டும் பேனாவுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏதாவது டிப்ஸ் சொல்லுங்கள் என்று கேட்டாள். பால்சா மரப்பலகையை எந்த பிளேடால் நறுக்குவது, எந்த இடத்துக்கு எந்தப் பசை, பேட்டரியை எவ்வளவு சார்ஜில் எடுத்து வைப்பது என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். நானும் தெரிந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அதெல்லாம் அவள் போனிலேயே இருக்கிறதே என்று தோன்றியது. என்னைவிட நன்றாகச் சொல்லித்தரும் ஆட்கள் வீடியோ போட்டிருக்கிறார்கள். நானே பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். கை நடுங்கும்போது என்ன செய்வது என்பதைத்தான் யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. அதை நான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெரினா. அம்பத்தூரில் லேத் பட்டறைக்கு மாடியில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே அறையில் பதினெட்டு வருஷம் ரிமோட் விமானங்கள் செய்தேன், உடைந்தவற்றைப் பழுது பார்த்தேன். போன வருஷம் ஓய்வு பெற்றேன். உங்களைப் போலப் படித்துவிட்டு வந்தவள் இல்லை. வரும்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை பூந்தமல்லி கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஒருவர் கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். துணி தைக்க வந்தவர் போல இல்லை. என்னைவிட ஆறேழு வயது சின்னவர், தடிமனான கண்ணாடி. கொண்டுவந்ததை மேஜைமேல் வைத்தார். மரச்சட்டத்தில் செய்த இறக்கை. அதன் நுனி வளைவில் ஒட்டிய தாள் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. ஜாக்கெட்டின் கை வளைவில் துணி சுருங்காமல் எப்படித் தைக்கிறீர்கள் என்று கேட்டார். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகணும், வளைவு வரும் இடத்தில் சின்னச் சின்னதாக வெட்டு போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக மடிக்கணும் என்று சொன்னேன். இறக்கையை என் பக்கம் தள்ளி, "செஞ்சு காட்டுங்க" என்றார். கடை இஸ்திரிப் பெட்டியாலேயே செய்து காட்டினேன். அடுத்த மாதம் அவருடைய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவரை நான் மாஸ்டர் என்று கூப்பிடுவேன். பெயரை எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். இறக்கைக்கு இஸ்திரி போடும் வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நான் செய்த முதல் தப்பு அந்த இஸ்திரியில்தான்.

இறக்கைமேல் ஒட்டும் அந்தத் தாள், அதாவது ஃபிலிம், என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். சூடு பட்டால் ஒட்டும், இன்னும் கொஞ்சம் சூடு பட்டால் இறுகும். நான் சேர்ந்து மூன்றாவது மாதம், பறக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கான ஒரு ஐந்தடி விமானத்துக்கு முழு இறக்கையையும் தனியாகப் போட்டேன். மேலே சிவப்பு, கீழே வெள்ளை. மேல்பக்கம் முழுவதையும் முடித்து நன்றாகச் சூடு காட்டி இறுக்கிவிட்டு, பிறகு புரட்டிக் கீழ்ப்பக்கத்துக்குப் போனேன். முடிந்ததும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. கீழே லேத் ஓட்டுபவர்கள்கூட ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நம் விமானங்களை அப்போதெல்லாம் பறக்கவிட்டுச் சரிபார்த்தவர் சம்பத். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ராணுவ இடங்கள் இருக்கும் ஆவடிப் பக்கம் எங்கேயும் பறக்கவிடக் கூடாது என்பதால், சொல்லிவைத்து அனுமதி வாங்கிய ஒரு தரிசு நிலத்துக்கு வேப்பம்பட்டு தாண்டிப் போவோம். அன்றைக்கு விமானம் தரையை விட்டு எழுந்தது. எழுந்ததிலிருந்து இடது பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தது. சம்பத் ரிமோட்டில் இருக்கும் குச்சியை வலது பக்கம் தள்ளிப் பிடித்தபடியே ஒரு சுற்று சுற்றி, நெற்றியெல்லாம் வியர்வையோடு இறக்கினார். இறக்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"ஜெரினாக்கா, இது பிளேன் இல்ல. முறுக்கு."

பட்டறைக்கு வந்ததும் மாஸ்டர் இறக்கையைக் கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தார். வலது பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, என்னிடம் ஒரு தீக்குச்சியைக் கொடுத்து, இடது இறக்கையின் பின் மூலைக்கு அடியில் விட்டுப் பார்க்கச் சொன்னார். தீக்குச்சி தாராளமாக உள்ளே போனது. ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால், அந்தப் பக்கம் மரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் சூடு காட்டியிருக்க வேண்டும். துணி திரும்பி வரும், மரம் வராது. எனக்கு அது தெரியவில்லை.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மாஸ்டர் இறக்கையை எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, இப்போது சூடு காட்டுங்கள் என்றார். நான்கைந்து முறை காட்டினோம். தீக்குச்சி உள்ளே போகாமல் நின்றது. கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க பளபளப்பைப் பாத்தீங்க. கண்ணாடி மேல வச்சுப் பாக்கல. நானும் பாக்கல."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காகவே நான் பதினெட்டு வருஷம் இருந்தேன் என்று சொன்னால் மிகை இல்லை. உங்களுக்குக் கீழே நாளைக்கு ஆள் வருவார்கள். தப்பு நடந்தால் அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று முதலில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அப்புறம், ஒரு வேலை ரொம்ப அழகாக வந்துவிட்டது என்று தோன்றும்போது அதை உடனே கண்ணாடிமேல் வைத்துவிடுங்கள்.

பசையைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, ஒன்று சொல்கிறேன். நொடியில் ஒட்டும் அந்தத் தண்ணீர்ப் பசையால் ஒருமுறை என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விமானத்தின் வாலோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டன. அந்த நேரம் பார்த்து அந்த வாலுக்குச் சொந்தக்காரர் மாடிப்படி ஏறி வருகிறார். நான் வாலை அவருக்குக் காட்டிப் பெருமையாக விளக்குவது போலப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் உட்கார்ந்தார், டீ குடித்தார், ஊர்க்கதை பேசினார். நான் நின்றபடியே தலையாட்டினேன். கிளம்பும்போது வாலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றார். கொடுத்தேன். கூடவே நானும் போனேன். பிறகு சோப்புத் தண்ணீரைச் சுடவைத்துக் கொண்டுவந்து அவரே அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து என் விரலைப் பிரித்தெடுத்தார். பதற்றத்தில் நான் இழுத்திருந்தால் தோலும் போயிருக்கும், வாலும் போயிருக்கும். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வாடிக்கையாளரிடம் மறைக்கவும் வேண்டாம். அந்த மனிதர் அதற்கப்புறம் வேறு எந்தப் பட்டறைக்கும் போனதில்லை.

இன்னொன்று. பறந்து உடைந்த விமானங்களைவிட, பறக்கப் போகும் வழியில் உடைந்தவைதான் நம் பட்டறைக்கு அதிகம் வந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் வண்டி கிடையாது. இறக்கையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷனில் ஏறி வேப்பம்பட்டு வரை மின்சார ரயிலில் போவோம். ஆறடிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பொம்பளை நின்றால் யார் சும்மா இருப்பார்கள்? பட்டாபிராமில் ஏறிய ஒருவர், சாமி பல்லக்கா என்று கேட்டார். சம்பத் கொஞ்சமும் யோசிக்காமல், ஆமாம், ஆனால் இந்தச் சாமி நடக்காது, பறக்கும் என்றார். கேட்டவர் நம்பினாரோ இல்லையோ, திருநின்றவூர் வரை ஒருவரையும் அந்தப் பொட்டலத்தின்மேல் சாயவிடவில்லை. அதிலிருந்து நான் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன்: உள்ளே விமானத்தின் இறக்கை இருக்கிறது, கொஞ்சம் இடம் விடுங்கள் என்று. சொன்னால் ஜனங்கள் இடம் விடுவார்கள். சொல்லாமல் முறைத்தால்தான் இடிப்பார்கள்.

இனி, நான் கையை விடாமல் இருந்த கதை.

வேப்பம்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் விழா. மைதானத்தில் விமானம் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பந்தல் போட்டு மாணவர்களும் பெற்றோர்களும் நானூறு ஐந்நூறு பேர். சிறப்பு விருந்தினர் வர இரண்டு மணி நேரம் தாமதம். வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் அவசரம்.

முந்தின நாள் அந்த விமானத்தின் இறக்கையில் ஒரு சர்வோ மோட்டாரை நான் மாற்றியிருந்தேன். இறக்கையின் இரு பக்கமும் பின் ஓரத்தில் ஏறி இறங்கும் பட்டைகளை அசைப்பது அது ஒன்றுதான். புது மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் வகை. அதனால் ரிமோட்டில் திசையை மாற்றிப் பதிய வேண்டும். பதிந்தேன். ஆனால் அந்த ரிமோட்டில் பத்து விமானங்களுக்குத் தனித்தனிப் பதிவுகள் இருந்தன. நான் திருத்தியது பக்கத்து விமானத்தின் பதிவை. அது எனக்குத் தெரியாது.

மைதானத்தில் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டார் வேகமெடுத்ததும் சைகை வரும், நான் விட வேண்டும். சம்பத் குச்சியை இப்படியும் அப்படியும் ஆட்டினார், பட்டைகள் ஆடின. எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு மோட்டாரை ஓட்டினார். மைக்கில் ஒரு மாணவர் பத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். பந்தலில் இருந்த எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். விமானம் என் கையில் கன்றுக்குட்டி போல முண்டியது.

ஏழோ ஆறோ எண்ணும்போது எனக்குள் ஏதோ இடறியது. ஆடின பட்டைகள், சரியான பக்கம் ஆடினவா? சம்பத் கட்டைவிரல் வலது பக்கம் போனபோது, வலது பட்டை கீழே போனது போல ஒரு ஞாபகம். எந்தப் பக்கம் குச்சி சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பட்டை எழுந்து நிற்க வேண்டும். எழுந்ததா, படுத்ததா? சத்தியமாக எனக்கு நிச்சயமில்லை. இத்தனை பேர் முன்னால், நிச்சயமில்லாத ஒரு ஞாபகத்துக்காக நிறுத்தச் சொல்வதா என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. தலையைத் திருப்பிப் பந்தலைப் பார்த்தேன். முதல் வரிசையில் ஒரு அம்மா கைக்குழந்தையின் கையைப் பிடித்து விமானத்துக்கு டாட்டா காட்டவைத்துக்கொண்டிருந்தாள்.

எண்ணிக்கை முடிந்தது. எல்லோரும் கத்தினார்கள். சம்பத் சைகை காட்டினார். நான் விடவில்லை.

"உடுக்கா," என்றார் சம்பத்.

"விட மாட்டேன். மோட்டாரை நிறுத்து."

"இன்னாக்கா, அல்லாரும் பாத்துகினு கீறாங்க."

"பாக்கட்டும். நிறுத்து."

நிறுத்தினார். பந்தலில் சிரிப்பும் விசிலும் கிளம்பின. என் காது இரண்டும் சுட்டன. சம்பத்தை மெதுவாகக் குச்சியை வலது பக்கம் தள்ளச் சொன்னேன். வலது பட்டை அழகாகக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. சம்பத்தின் முகம் வெளுத்துவிட்டது. விட்டிருந்தால், எழுந்ததும் அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் நிமிர்த்தப் பார்க்கப் பார்க்க இன்னும் கவிழ்ந்திருக்கும். பந்தல் நாற்பதடியில் இருந்தது.

திருத்த ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி எண்ணினார்கள், இந்த முறை இன்னும் சத்தமாக. விமானம் எழுந்ததும் சம்பத் தனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் காட்டினார். முடிந்ததும் மாணவர்கள் சம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவர் மேலே இருந்தபடி என்னைக் கைகாட்டிக்கொண்டே இருந்தார், யாருக்கும் புரியவில்லை.

திரும்பும்போது, தப்பு என்னுடையதுதான், பதிவை நான்தான் மாற்றிப் போட்டேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன். அது தெரியும் என்றார். நிச்சயமாகத் தெரிந்து நிறுத்தினீர்களா என்று கேட்டார். இல்லை, சந்தேகம்தான் என்றேன். "சந்தேகத்துக்கு நிறுத்துனீங்களே, அதுதான் எனக்கு வேணும்" என்றார். மறுநாளிலிருந்து, குச்சியை ஆட்டுபவர் வாயால் "வலது" என்று சொல்ல வேண்டும், வாலைப் பிடித்திருப்பவர் பார்த்துவிட்டு "வலது மேலே" என்று பதில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நீங்கள் இன்றைக்கும் அதைச் சொல்கிறீர்கள். சிலருக்கு அது ஏதோ மந்திரம் போல இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மந்திரம் இல்லை. என் தப்பு அது.

கடைசியாக ஒன்று. இதை நான் யாருக்கும் அதிகம் சொன்னதில்லை, ஏனென்றால் சொன்னால் பீற்றிக்கொள்வது போல இருக்கும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், பீற்றிக்கொள்ளலாம்.

பட்டறையில் சேர்ந்து பத்து வருஷம் வரை நான் ஒரு விமானத்தைக்கூடப் பறக்கவிட்டதில்லை. கேட்டால் முட்டிவலி, வயசு என்று ஏதாவது சொல்வேன். உண்மையான காரணம் வேறு. இரண்டு மாதம் உட்கார்ந்து என் கையால் செய்ததை என் கையாலேயே உடைத்துவிடுவேனோ என்ற பயம். ஆனால் ஆசை விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை கம்ப்யூட்டரில், விமானம் ஓட்டிப் பழகும் அந்த விளையாட்டைப் போட்டு எட்டு மாதம் பழகினேன். அதில் எத்தனை முறை விழுந்தாலும் ஒரு பொத்தானைத் தட்டினால் புது விமானம் வந்துவிடும். இது சம்பத்துக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுக்க ஒருமுறை மதியத்தில் வந்தபோது பார்த்துவிட்டார்.

அப்போது ஒரு கல்லூரி அணிக்காக ஆறடி இறக்கையில் மஞ்சள் விமானம் ஒன்று செய்திருந்தோம். அடுத்த வாரம் அவர்களுக்குப் போட்டி. ஞாயிறு காலை சம்பத்தும் மாஸ்டரும் நானும் மட்டும் அதைச் சரிபார்க்க வேப்பம்பட்டு நிலத்துக்குப் போனோம். விமானம் அருமையாக எழுந்தது. ஆறு நிமிஷத்துக்குக் கடிகாரம் வைத்திருந்தோம், அதற்குமேல் பேட்டரி தாங்காது. மூன்று நிமிஷம் போயிருக்கும். சம்பத் திடீரென்று தலையைக் குனிந்து முகத்தைத் தோளில் தேய்த்தார். ஏதோ பூச்சி கண்ணில் போய் விழுந்துவிட்டது. ஒரு கண்ணை மூடினால் மற்றதும் திறக்க மாட்டேன் என்கிறது.

"அக்கா, கண்ணு தெரில. புடி," என்று ரிமோட்டை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

மாஸ்டரைப் பார்த்தேன். அவருக்கு ஐம்பதடிக்கு அப்பால் எல்லாமே மஞ்சள் புகை, அதனால்தான் அவர் வாழ்க்கையில் விமானம் ஓட்டியதே இல்லை. வேறு ஆள் இல்லை. பிஸ்மி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

விமானம் நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் தாழ்வதாக நினைத்து இடது பக்கம் தள்ளினேன், இன்னும் கவிழ்ந்தது. நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடும் என்பது விளையாட்டில் ஆயிரம் முறை பார்த்ததுதான், ஆனால் அங்கே பார்ப்பது ஒன்று, இங்கே நிஜ விமானத்தில் பார்ப்பது வேறு. எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, தூக்கிக்கொடுப்பது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தள்ளினேன். நிமிர்ந்தது. தலைக்குமேல் போனது. ஒரு சுற்று சுற்றினேன். இன்னொரு சுற்று. சுற்றுவது வந்துவிட்டது.

அங்கேதான் தப்பு செய்தேன். சுற்ற வந்துவிட்டதும் இறக்கப் பயம் வந்தது. பக்கத்தில் நின்ற மாஸ்டர் ஐந்து நிமிஷம் ஆச்சு என்றார். இதோ, ஒரு சுற்று என்றேன். ஆறு ஆச்சு என்றார். ஒரே ஒரு சுற்று என்றேன். முடிவு எடுக்காமல் தள்ளிப்போட்டால் முடிவு நம்மை விட்டுவிடும் என்று நினைக்கிறோம். பேட்டரி தாழ்ந்து நடுவானில் மோட்டார் நின்றுவிட்டது, பட்டைகளை அசைக்க மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அந்த அமைதியை எனக்கு எழுதத் தெரியவில்லை. மாஸ்டருக்கு விமானம் தெரியவில்லை, ஆனால் சத்தம் நின்றது தெரிந்தது. என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, கடையில் முதல் நாள் பேசிய அதே குரலில் சொன்னார்: "மூக்கை இறக்குங்க. இழுக்காதீங்க."

கை முழுவதும் இழுக்கத்தான் துடித்தது. விழப்போவதைத் தூக்கத்தானே தோன்றும். ஆனால் மோட்டார் இல்லாத விமானத்துக்கு வேகம்தான் உயிர், இழுத்தால் வேகம் போய்ச் செங்குத்தாக விழும். குச்சியை முன்னால் தள்ளினேன். மூக்கு இறங்கியது, விமானம் வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கள் ஓடுபாதை அதற்குப் பின்னால் இருந்தது. திருப்பிக் கொண்டுவந்துவிடலாமா என்று ஒரு ஆசை. அதற்குள் உயரம் தென்னை மரமளவுக்கு வந்துவிட்டது. இடது பக்கம் கீரைத் தோட்டத்தில் பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நேர் எதிரே அறுத்து முடித்த நெல் வயல், யாரும் இல்லை. ஓடுபாதையை மறந்துவிட்டேன். நேரே போ, நேரே போ என்று சொல்லிக்கொண்டே விட்டேன். தரைக்கு ஒரு ஆள் உயரத்தில்தான் முதல்முறையாகக் குச்சியை மெல்ல இழுத்தேன். அறுத்த நெல்லின் அடித்தாளில் சக்கரம் உரசிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது.

பின்னால் பாட்டில் தண்ணீரைக் கண்ணில் ஊற்றிக்கொண்டிருந்த சம்பத் கேட்டார்: "அக்கா, எறங்கிச்சா, வுழுந்துச்சா?"

"இறங்கிச்சு," என்றேன்.

உங்களுக்காக ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கெட்டிக்காரத்தனமாக எதுவும் செய்யவில்லை. ஓடுபாதைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையை விட்டேன், அவ்வளவுதான். நெருக்கடியில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பார்க்காதீர்கள், எதை விட்டுவிடலாம் என்று பாருங்கள். மனிதர்கள் இருக்கும் பக்கம் போகாமல் இருப்பது முதல். விமானம் அப்புறம். நம் மானம் அதற்கும் அப்புறம்.

வயலுக்கு நடந்து போனேன். நான் போவதற்குள் கீரை பறித்த பெண்கள் விமானத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள், ஆறேழு பேர். யாரும் தொடவில்லை. ஒரு சக்கரக் கம்பி வளைந்திருந்தது, வேறு ஒரு கீறல் இல்லை. இறக்கையைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

அவர்களில் பெரியவளாக இருந்த ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை தோறும் மேலே போகிறதே, அது இதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தூரத்தில் நின்ற சம்பத்தையும் மாஸ்டரையும் பார்த்தாள். அந்த ரெண்டு பேரில் யார் விட்டது என்று கேட்டாள்.

"நான்தான்," என்றேன்.

என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, கையில் ரிமோட்டோடு நிற்கும் ஐம்பத்தொரு வயதுக்காரி. மற்றவர்களும் பார்த்தார்கள். அவர்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு அவள் சொன்னாள்: "நாங்க சரியாப் பாக்கலியே. குனிஞ்சுனு இருந்துட்டோம். இன்னொரு தபா வுடு."

மாஸ்டர் குறடு கொண்டுவந்து கம்பியை நிமிர்த்தினார். விமானத்தை ஓடுபாதைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். சம்பத் ஒரு கண்ணை மூடிக்கொண்டே புது பேட்டரியை மாட்டி, வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரிமோட்டை யாரும் என்னிடமிருந்து வாங்கவில்லை. கீரைக்கட்டுகளை வரப்பில் வைத்துவிட்டு அந்தப் பெண்கள் எங்களுக்குப் பின்னால் பத்திரமான தூரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நெற்றிக்குமேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, எல்லோரும் மேலே பார்க்கத் தயாரானார்கள்.